விரலி நிற்கும் இடம்

இது இன்னும் நடக்காத கதை. நாலைந்து மழைக்காலம் போனால் நடந்தாலும் நடக்கும். அதனால் நடந்ததுபோலவே சொல்லிவிடலாம், கேட்பவர்களுக்கும் அதுதான் சுகம்.

கோபிசெட்டிபாளையத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், அன்னம் ஸ்டுடியோ மாடியில் மயிலாவதி கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். படம் எடுப்பது ஸ்டுடியோக்காரன் வெள்ளியங்கிரி. எடுத்து வந்ததைக் கணினியில் போட்டு, வெட்டி, ஒட்டி, மினுக்கி, புத்தகமாக்குவது அவள். வெள்ளியங்கிரியின் அப்பா காலத்திலிருந்து அங்கே இருக்கிறாள். அதனால் முதலாளியானாலும் அவளுக்கு அவன் 'தம்பி', அவனுக்கு அவள் 'மயிலக்கா'. சுற்றுவட்டாரத்தில் அவள் கை படாத கல்யாணம் குறைவு.

அந்தக் கைதான் இப்போது தகராறு செய்தது. மதியத்துக்குள் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் வரைக்கும் மரத்துப்போகும். காப்பித் தம்ளரைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "ஒண்ணு மவுசை விடுங்க, இல்லாட்டி கையை விடுங்க" என்று ஈரோட்டு டாக்டர் சொல்லிவிட்டார். தனியாள் அவள். மவுசை விட்டால் சோற்றையும் விட வேண்டியதுதான்.

இப்படி இருக்கையில்தான் கோயமுத்தூரிலிருந்து தாரிணி என்ற பெண் ஒரு பெட்டியோடு மாடி ஏறி வந்தாள். அவளும் அவள் கூட்டாளிகளும் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். புதிதாக ஒரு மவுஸ் செய்திருக்கிறார்கள். கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் நாளெல்லாம் மவுசோடு மாரடிக்கிறவர்கள் சிலரிடம் கொடுத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மவுசுக்கு 'விரலி' என்று பெயர்.

"விரலி மஞ்சளா? ஏனுங், ஈரோட்டு மஞ்ச மண்டியில செஞ்சதுங்களா?" என்றான் வெள்ளியங்கிரி.

"இதைக் கேக்காத ஆளே இல்லீங்ணா" என்று தாரிணி சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள்.

உள்ளங்கை நிறையும்படி கொழுகொழுவென்று இருந்தது. கட்டைவிரல் பக்கம் மட்டும் மக்காச்சோளக் கதிரில் மணி பிடித்ததுபோல வரிசையாகப் பொத்தான்கள். மயிலாவதிக்கு அதைப் பார்த்ததும் பகீரென்றது.

"ஏ அம்மிணி, இருக்கற ரெண்டு பொத்தானை அமுக்கறதுக்கே என்ற கை வரமாட்டேங்குது. நீ பாட்டுக்கு ஒரு கூடை பொத்தானைக் கொண்டாந்து கொட்டறியே!"

"அமுக்கவே வேண்டாங்க்கா. ஒரு விரல் அமுக்கறதுக்கு முன்னாடியே அதுக்குள்ள சின்னதா ஒரு துடிப்பு ஓடும். இந்தப் பொத்தானெல்லாம் அந்தத் துடிப்பைக் கேட்டுக்கும். கொஞ்ச நாளைக்கு நீங்க அமுக்கி அமுக்கிப் பழக்கோணும். அதுக்கப்புறம் நீங்க நெனச்சாப் போதும், அது செஞ்சிரும்."

"நெனச்சாலே செய்யுமா? அப்ப நான் இந்தத் தம்பியைத் திட்டோணும்னு நெனச்சா?"

"அதுக்கு மவுசு எதுக்குங்க்கா, வாயே இருக்குதே" என்றான் வெள்ளியங்கிரி.

வாரம் ஒருதரம் தாரிணி போனில் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பாள் என்று ஏற்பாடு.

முதல் வாரம் கேட்டபோது மயிலாவதி சொன்னது இது: "கண்ணு, மாப்பிள்ளைக்கு ரெண்டு மூக்கு வந்துருச்சு. ஐயருக்குப் பொண்ணோட கொண்டையை வெச்சு உட்டுருச்சு. நான் ஒண்ணு நெனைக்கறேன், அது ஒண்ணு நெனைக்குது. புதுசாக் கல்யாணமானவங்களாட்ட ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்கறோம்."

அடுத்த முறை கேட்டபோது குரலில் வேறு சுருதி. "பரவால்ல, புத்தி இருக்குது. வெளிச்சத்தை ஏத்தறதுக்கு ஒரு பொத்தான்னு நான் ஒண்ணும் சொல்லித் தரல. என்ற கட்டைவிரல் அந்தப் பக்கமாப் போறதைப் பாத்து அதுவே எடுத்துக்கிச்சு."

அதற்கும் அடுத்த முறை தாரிணி கேள்வி கேட்கவே விடவில்லை. "அம்மிணி, நேத்து சாயங்காலம் வரைக்கும் வேலை செஞ்சேன். செஞ்சு முடிச்சுப்போட்டுக் காப்பி குடிச்சேன். தம்ளர் சுட்டுச்சு! கையில சூடு தெரிஞ்சுது கண்ணு! பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருப்பா பாரு, நம்மூட்டு அடுப்புல தாளிக்கற வாசம் வந்ததுமே கேக்காம கருவேப்பிலை கொண்டாந்து நீட்டுவா. அப்படியாக்கும் இது. நீ மகராசியா இருப்பே."

தாரிணி அந்தப் பேச்சைப் பதிவு செய்துகொண்டுபோய் ஆபீசில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். கருவேப்பிலை என்ற இடத்தில் அவர்கள் பெரிய சார் கைதட்டினாராம்.

பிறகு இன்னொரு சேதி வந்தது. விரலி படித்து வைத்திருக்கும் ஒரு கையை அப்படியே எடுத்து இன்னொரு விரலியில் ஏற்ற முடியும். நேற்று வேலைக்கு வந்த ஆளும் முதல் நாளே தேர்ந்த கையோடு உட்காரலாம். பரிசோதனைக்குக் கொடுத்த கைகளிலேயே மயிலாவதியின் கைதான் சுத்தம் என்று தேர்ந்தெடுத்து, தேனி, காரைக்குடி, திருவண்ணாமலை என்று பல ஊர் ஸ்டுடியோக்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"பாத்தீங்ளாக்கா, உங்க கை ஊரூரா வேலைக்குப் போகுது. நீங்க இங்க உக்காந்து கொட்டாவி உடலாம்" என்றான் வெள்ளியங்கிரி.

"கை எல்லாப் பக்கமும் போயிட்டா அப்புறம் நான் எதுக்குன்னு நீயே ஒரு நாளைக்குக் கேப்பே, தம்பி" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தன் வலதுகையை மடியில் வைத்து, பிறத்தியார் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே போனாள். பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் என்னவோபோலவும் இருந்தது.

ஐப்பசி பிறக்கப் போகும் சமயத்தில் தாரிணி நேரில் வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, உங்க கை மேல ஒரு புகார் வந்திருக்குதுங்க."

"என்ற கை மேலயா? யாரை அடிச்சுது?"

"ஸ்டுடியோக்காரங்க நெறைய பேரு ஒரே மாதிரி சொல்றாங்க. எல்லா வேலையும் வேகமா ஓடுதாம். படத்திலிருந்து ஒரு ஆளைத் தூக்கற எடத்துல மட்டும் விரலி நின்னு போகுதாம். ஒரு மூச்சு விடற நேரம். அப்புறம்தான் தூக்குதாம். நாங்க மிசின்ல தேடிப் பாத்துட்டோம், மிசின்ல ஒண்ணுமில்ல. அது உங்க கையில இருந்து வந்ததுங்க்கா."

படத்திலிருந்து ஆளைத் தூக்குவது என்றால் என்னவென்று ஆல்பம் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், கல்யாணம் முடிந்து ஆல்பத்துக்குக் கொடுக்கும்போது வீட்டுக்காரர்கள் இன்னின்னாரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். தாலியறுத்த அத்தை முன்வரிசையில் நின்றுவிட்டாள், எடுத்துவிடு. வாய்க்கால் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி மேடை ஏறிவிட்டான், எடுத்துவிடு. இவர்களெல்லாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள்தான், மொய் வைத்தவர்கள்தான், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். மயிலாவதி அம்புக்குறியை அவர்கள் மேல் கொண்டுபோய் வைத்தால், ஆள் போய், அவர் நின்ற இடத்தில் பந்தக்காலோ திரைச்சீலையோ தானாக வந்து நிரம்பிவிடும்.

 மயிலாவதி கூச்சத்தோடு சொன்னாள். "நான் 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவேன், கண்ணு."

"யாருகிட்ட?"

"அவிங்ககிட்டத்தான். வாய் விட்டு இல்ல, மனசுக்குள்ள. ஊட்டுக்கு வந்த ஒறம்பரையை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பாம கதவைச் சாத்துவமா? இங்க நான்தான கதவைச் சாத்தறேன். மூஞ்சியை ஒருக்காப் பாத்து, போயிட்டு வாங்கன்னு சொல்லிப்போட்டுத் தூக்குவேன். அது ஒரு பழக்கமாப் போச்சு. இந்த மவுசு அதையுமா படிச்சுது?"

தாரிணி தலையில் கைவைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது அவளுக்கு. "எங்க சார் அதைக் கோளாறுன்னு எழுதிட்டாருங்க்கா. ஒண்ணு, அந்த நிறுத்தம் இல்லாம நீங்க மறுபடியும் பழக்கித் தரோணும். இல்லாட்டி வேற கையைத் தேடிக்குவாங்க. அப்ப இந்த விரலியை நான் திரும்ப எடுத்துட்டுப் போகோணும். விக்கறதுக்கு வர இன்னும் எத்தனை நாளாகுமோ தெரியலீங்க."

ஐப்பசியில் முகூர்த்தம் கொட்டிக் கிடந்தது. பழைய மவுசு என்றால் மதியத்தோடு கை செத்துவிடும். வெள்ளியங்கிரி நல்லவன்தான். ஆனால் எத்தனை நாளைக்கு அரை ஆளை வைத்துக்கொண்டு கடை நடத்துவான்?

"பழக்கித் தர்றேன்" என்றாள் மயிலாவதி.

சொல்லிவிட்டாளே தவிர, கை கேட்கவில்லை. மனசுக்குள் ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தாள். சொல்லாவிட்டாலும் சொல்லும் நேரத்துக்குக் கட்டைவிரல் காத்துக்கொண்டு நின்றது. பாட்டு முணுமுணுத்துப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தாரிணியே ஆபீசிலிருந்தபடி எதையோ திருகி அந்த நிறுத்தத்தை வெட்டிவிட்டாள். "இனி நீங்க நின்னாலும் அது நிக்காதுங்க்கா. ஒரு படத்துல ஆளைக் காட்டிட்டாப் போதும், மத்த படத்துல எல்லாம் அதுவே தேடித் தூக்கிரும்" என்றாள்.

நிஜமாகவே அது ஓட்டமாய் ஓடியது. கவுந்தப்பாடிக் கல்யாணம் ஒன்று மேசையில் இருந்தது. மேடையில் இடப்பக்கம் நிற்கும் பச்சைப் பட்டுக்காரியை எடுத்துவிடச் சொல்லி வெள்ளியங்கிரியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மயிலாவதி பெண்ணின் இடக்கைப் பக்கம் அம்புக்குறியை வைக்கும்போதே பச்சைப் பட்டு காணாமல் போயிற்று. ஒரு படத்தில் போனது எல்லாப் படத்திலும் போனது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஆல்பம் முடிந்தது. அவளே அசந்துபோனாள். "இதுக்கு மிஞ்சி ஒண்ணுமில்ல தம்பி" என்று கீழே கேட்கும்படி கத்திச் சொன்னாள்.

ஆல்பம் அச்சாகி, அட்டை போட்டு, கவுந்தப்பாடிக்குப் போயிற்று. போனது திரும்பி வந்தது.

பெண்ணின் தாயார் பழனாத்தாள் அதை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, தன்னந்தனியாக மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். ஆல்பத்தை மேசைமேல் பிரித்து வைத்தார்.

"இதுல நான் எங்கீங்க?"

மயிலாவதி புரட்டினாள். எங்குமில்லை. தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பந்தக்கால் நின்றது. தாரை வார்க்கும் படத்தில் அப்பா கை நீட்டியிருக்க, மேலே செம்புமில்லை, கையுமில்லை, தண்ணீர் மட்டும் ஆகாயத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"என்ற மக கல்யாணத்துல நானே இல்லீங்களே! ஊட்டுல எல்லாரும் ஆளாளுக்குச் சிரிக்கறாங்க. எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு, தண்ணி ஊத்துனது வருண பகவானாம்!"

"மிசின் கோளாறுங்க அத்தை, நான் மறுபடியும்..." என்று வெள்ளியங்கிரி ஆரம்பித்தான்.

"நீ சித்தே இரு சாமி." அவர் கண் ஆல்பத்தை விட்டு எடுபடவில்லை. பக்கத்துக்குப் பக்கம், பெண்ணின் வலப்பக்கம், பார்ப்பவர்களுக்கு இடப்பக்கம், அதே பச்சைப் பட்டில், அதே மாம்பழக் கரையில் இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். கூடப்பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரே கடையில் ஒரே மாதிரி எடுத்த சேலை. முகச்சாயலும் ஒன்றுதான், நெற்றிப் பொட்டு ஒன்றுதான் இல்லை.

"இவ என்ற தங்கச்சி, நாகமணி. இவளைத்தான எடுக்கச் சொன்னது."

"ஆமாங்க" என்றாள் மயிலாவதி.

"சொன்னது யாரு தெரியுங்களா? நான்தான். சம்பந்தி ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லல. சொல்லிருவாங்களோன்னு நானே முந்திக்கிட்டேன். தாலி கட்டறப்ப அவ பாட்டுக்குப் பின்னால போய் நின்னா. கையைப் புடிச்சு இழுத்து முன்னால நிறுத்துனதும் நான். அப்புறம் எடுத்துருங்கன்னு சொல்லி உட்டதும் நான்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்னைய எடுக்கையில என்ன நெனச்சீங்க அம்மிணி?"

"ஒண்ணும் நெனைக்கலீங்க" என்றாள் மயிலாவதி. "அதுதானுங்க தப்பாப் போச்சு. மூஞ்சியைப் பாக்கவே இல்ல."

பழனாத்தாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று வெள்ளியங்கிரி ஓரமாக ஒதுங்கிக்கொண்டான். அவர் எழுந்து மஞ்சப்பையை உதறி மடித்தார்.

"என்னைய எங்க இருந்தனோ அங்க வெச்சுருங்க. அவளும் இருக்கட்டும்."

"சம்பந்தி கேட்டா என்னங்கத்தை சொல்லுவீங்க?" என்றான் வெள்ளியங்கிரி.

"மிசின் எடுக்க மாட்டேன்னு மொண்டி புடிச்சுருச்சுன்னு சொல்லிக்கறேன். மிசினையா வந்து கேக்கப் போறாங்க?"

அவர் படியிறங்கிப் போனதும் மயிலாவதி தாரிணியைக் கூப்பிட்டாள். "அம்மிணி, அந்த நிறுத்தத்தைத் திருப்பி வெச்சுரு. வெக்க முடியாதுன்னா வந்து மவுசை எடுத்துட்டுப் போயிரு. இது தங்கமான சாமான். என்ற கைக்கு உசுரு குடுத்துச்சு, நான் இல்லீன்னு சொல்லல. ஆனா பாக்காம தூக்கற கை எனக்கு வேண்டாம்."

"அக்கா, முகூர்த்த மாசம்! கை என்னத்துக்காகும்?" என்று பதறினான் வெள்ளியங்கிரி.

"மதியம் வரைக்கும் வருமல்ல. அது வரைக்கும் செய்யறேன். மிச்சத்துக்கு ஆளைப் பாரு தம்பி, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் கீழே போய்விட்டான். போனவன் கொஞ்ச நேரத்தில் டீயோடு மேலே வந்து, "ஆளு கீளுன்னு பேசாதீங்க்கா" என்று அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் இறங்கிப் போனான்.

மறு வாரம் தாரிணி வந்தாள். கையில் காலிப் பெட்டி. மயிலாவதி விரலியை ஒரு பழைய துணியால் துடைத்து, கம்பியைச் சுருட்டி, புகுந்த வீட்டுக்கு அனுப்பும் பெண்ணைப்போலத் தயாராக வைத்திருந்தாள். தாரிணி அதைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க கையை ஏத்தி அனுப்புன விரலியெல்லாம் திரும்ப வரவெச்சுப் பாத்தோமுங்க்கா. எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊருக் கையையும் அது படிச்சுக்கும். அவசரக்காரங்க கைக்குப் போனா உங்க நிறுத்தம் தன்னால கரைஞ்சிரும்னுதான் நாங்க நெனச்சோம்."

"கரைஞ்சிருச்சா?"

"இல்லீங்க. தேனியில ஒருத்தர்கிட்ட உங்களுதை விட நீளமா இருக்குது. காரைக்குடியில அதை விட நீளம். திருவண்ணாமலையில ஒரு பையன், நேத்து வந்தவன், அவனுது எல்லாத்தையும் விட நீளம். புகார் சொன்னது பூரா ஸ்டுடியோ ஓனருங்க. மவுசைப் புடிக்கறவங்க ஒருத்தர் கூடச் சொல்லல."

 மயிலாவதி பார்த்தே இராத அந்தக் கைகளை நினைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அவிங்கெல்லாம் அந்நேரத்துல என்ன சொல்லுவாங்க?"

"அது விரலிக்குத் தெரியாதுங்க்கா. கை நின்னது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

"உங்க சார் என்ன சொல்றாரு?"

"கோளாறுங்கறதை அடிச்சுட்டாரு. வேற என்ன பேர் வெக்கறதுன்னு தெரியாம உக்காந்திருக்காரு. நிறுத்தத்தைத் திருப்பி வெச்சாச்சு, இதை நீங்களே வெச்சுக்கச் சொன்னாருங்க." தாரிணி கம்பியைப் பிரித்துக் கணினியில் செருகினாள். செருகியவள் கையை எடுக்கவில்லை. "நான் செஞ்சதுதான், ஆனா நான் இதுல ஒரு நாளும் இந்த வேலையைச் செஞ்சு பாத்ததில்லீங்க்கா. ஒண்ணே ஒண்ணு நான் செய்யட்டுமா?"

திரையில் அந்தியூர்க் கல்யாணம் ஒன்று திறந்திருந்தது. பந்தலின் ஓரத்தில், எல்லோருக்கும் பின்னால், ஒரு இளைஞன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டி நின்று மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணோட அண்ணன். வேற ஜாதியில கட்டிக்கிட்டவன். எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள் மயிலாவதி.

தாரிணி அம்புக்குறியைக் கொண்டுபோய் அவன் மேல் வைத்தாள். கட்டைவிரல் பொத்தான்களின் மேல் லேசாகப் படிந்தது. விரலி நின்றது.

மயிலாவதி காத்திருந்தாள். கீழே வெள்ளியங்கிரி யாரிடமோ பாஸ்போர்ட் படத்துக்குத் தலையை நிமிர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தான். குழந்தை தூக்கத்தில் வாயைத் திறந்திருந்தது. அதன் சட்டையில் கல்யாண வீட்டுச் சந்தனம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

தாரிணி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.